சின்ன ஸ்டுடியோவுக்கு மிக்ஸிங் கருவிகள்: எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமலே விடுவது

“ஸ்டுடியோ போடப் போகிறேன், எந்த மிக்ஸர் வாங்கலாம்?” இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பதில் தப்பில்லை. ஒலிப்பதிவுக் கூடம் என்றாலே நீளமான கன்சோலும் அதில் வரிசை வரிசையாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களும்தானே கண்ணுக்குள் வருகின்றன. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இன்று ஸ்டுடியோ தொடங்கும் ஒருவர் மிக்ஸரைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். பலருக்கு அது தேவையே படாது. மிக்ஸிங் என்பது காதால் எடுக்கும் முடிவு. காதுக்கு வரும் சத்தம் பொய் சொன்னால், எத்தனை லட்சம் கொட்டினாலும் முடிவு தப்பாகத்தான் போகும். அதனால்தான் இந்த வழிகாட்டி அறை, ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) என்று போய், அப்புறம் மிக்ஸருக்கு வருகிறது.

இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டின் ஓர் அறையில் நடக்கும் ஸ்டுடியோ. பக்திப் பாடல், சின்னக் கச்சேரி, குறும்பட டப்பிங், யூடியூப் பாடல் ஆகியவைதான் அங்கே வரும் வேலைகள். படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் பெரிய அரங்குகளின் கணக்கு வேறு.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் அறையில் அதிகபட்சம் எத்தனை மைக் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்? எந்தக் கருவி வாங்குவது என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது இந்த எண்தான்.

பாடகர் மட்டும் வந்து கரோக்கி டிராக்கின் மேல் பாடுகிறார், அல்லது டப்பிங் பேசுகிறார் என்றால் இரண்டு இன்புட் தாராளம். கர்நாடக சங்கீதக் கச்சேரியை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவு செய்வதானால் குரலுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் 2, கடத்துக்கு 1, தம்புராவுக்கு 1 என்று 6 வந்துவிடும். நாதஸ்வரக் கச்சேரி என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒவ்வொரு தவிலுக்கும் இரண்டு மைக், சுருதிக்கும் தாளத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 8.

ஒவ்வொருவராகத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சினிமாப் பாட்டுக்கு அது சரி. மனோதர்மத்தில் வாசிப்பவர்களுக்குச் சரிவராது. மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். அவரைத் தனியே உட்காரவைத்தால் தாளம் தப்பாது, கச்சேரிதான் செத்துப்போகும். இந்த வகை வேலை வருடத்துக்கு நாலைந்து தடவை வந்தால்கூட 8 இன்புட்டுக்கே திட்டமிடுங்கள்.

படி 2: அறை

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது திரும்பத் திரும்ப மோதும்போது ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த ஒலி மட்டும் வீங்கிக் கேட்கும். எது என்று கண்டுபிடிப்பது எளிது. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும், 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். நம் ஊர் வீடுகளில் கூரை உயரமும் பெரும்பாலும் 10 அடிதான். அப்படியானால் அகலமும் உயரமும் சேர்ந்து அதே 57 ஹெர்ட்ஸில் மோதுகின்றன. அந்த இடம் இரட்டிப்பாக வீங்கும்.

இதனால் என்ன நடக்கும்? பேஸ் கிட்டாரில் ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் உங்கள் அறை குமுறும். பேஸ் அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டுவீர்கள். அதே பாட்டைக் காரில் போட்டால் அந்தச் சுரம் மட்டும் காணாமல் போயிருக்கும். அறை ஏமாற்றியதால் வந்த வினை இது. ஸ்பீக்கரையோ மிக்ஸரையோ மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பீக்கர்களைக் குறுகிய சுவர்ப் பக்கம் வைத்து, அறையின் நீளவாட்டில் பார்க்கவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடம் முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில், அதாவது 12 அடி அறையில் நாலரை அடியில் இருக்கட்டும். அறையின் நட்டநடுவில் மட்டும் உட்காராதீர்கள், அங்கே பேஸ் விழுந்துவிடும். அடுத்தது ராக்வூல். கட்டடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும் அதே பலகைதான், ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் கிடைக்கும். 4 அங்குலக் கனத்தில் மரச்சட்டம் அடித்து, துணி போர்த்தி, நாலு மூலைகளிலும் நிறுத்துங்கள். பக்கச் சுவர்களில் எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் ஒரு பலகை. தலைக்கு மேலே கூரையிலும் ஒன்று.

முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள். ஓர் அங்குல ஸ்பாஞ்சும் உயர்ந்த ஒலிகளைத்தான் குடிக்கும், 57 ஹெர்ட்ஸை அது தொடக்கூடத் தொடாது. கீச்சு போய்க் குமுறல் மட்டும் மிஞ்சிய அறை, வெறும் அறையைவிட மோசம்.

இன்னொன்று. ராக்வூல் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும்தான் வழி.

படி 3: மானிட்டர் ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும்

வீட்டு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் பாட்டை இனிமையாகக் காட்டுவதற்காகச் செய்தது. மானிட்டர் ஸ்பீக்கரின் வேலை குறையை ஒளிக்காமல் காட்டுவது. யமஹாவின் என்எஸ்-10 இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தது. கேட்க இனிமையாகவே இருக்காது. குரலும் கிட்டாரும் இருக்கும் நடுத்தர ஒலிகளை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டும். அதனாலேயே உலகமெங்கும் ஸ்டுடியோக்களில் அதன் வெள்ளைக் கூம்பு இடம்பிடித்தது. 2001-இல் தயாரிப்பு நின்ற பிறகும் பலர் அதை விடவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 5 அங்குல ஸ்பீக்கர் போதும். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி, ஆடம் டி5வி மூன்றுமே இந்த அளவில் நம்பி வாங்கக்கூடியவை. பணம் இருந்தால் ஜெனெலெக் 8030, நியூமேன் கேஎச் 120. எச்எஸ்5 கீழே 54 ஹெர்ட்ஸ் வரை போகிறது, எச்எஸ்8 38 ஹெர்ட்ஸ் வரை. எண்ணைப் பார்த்தால் எட்டங்குலம்தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் ராக்வூல் போடாத சின்ன அறையில் எட்டங்குலம் வைத்தால், படி 2-இல் சொன்ன குமுறலுக்கு நீங்களே எண்ணெய் ஊற்றியதாகும்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்கட்டும், உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் காது உயரத்தில். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால், எச்எஸ் வரிசையில் பின்புறம் ரூம் கன்ட்ரோல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை 2 அல்லது 4 டெசிபெல் குறைத்துக்கொள்ளலாம். மற்ற கம்பெனிகளிலும் இதேபோல் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஹெட்ஃபோன் இரண்டு வகை வேண்டும். பாடகருக்கு மூடிய வகை. சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 போன்றவை. திறந்த வகையைக் கொடுத்தால், தாளத்துக்காக அவர் காதில் ஓடும் கிளிக் சத்தம் மைக்குக்குள் ஏறி, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே அமைதியான இடத்தில் டிக் டிக் என்று கேட்கும். மிக்ஸ் செய்பவருக்குத் திறந்த வகை, உதாரணமாக சென்ஹைசர் எச்டி 600. அதன் மின்தடை 300 ஓம். லேப்டாப் ஜாக்கில் நேரே சொருகினால் சத்தம் போதாது, நல்ல இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் ஜாக் வேண்டும்.

பக்திப் பாடல் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது மோனோ, அதாவது இடது, வலது என்று பிரியாத ஒற்றை ஒலி. நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த மிக்ஸ், ஆடி மாதம் கோயில் கூம்பு ஸ்பீக்கரில்தான் ஊருக்குக் கேட்கப் போகிறது. அதில் ஸ்டீரியோ கிடையாது, தாழ்ந்த ஒலி அறவே வராது. மிக்ஸை மோனோவாக்கி, ஒரு சின்ன ஸ்பீக்கரிலோ போனிலோ போட்டுப் பாருங்கள். கோரஸை இரண்டு பக்கமும் விரித்து வைக்கப் போட்ட எஃபெக்ட்டால் குரல் கரைந்து போகிறதா? உருமி, தவில் அடியின் தாளம் புரிகிறதா? இந்தச் சோதனைக்கென்றே மோனோ பட்டன் உள்ள மானிட்டர் கன்ட்ரோலர் (ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்குவது வீண்செலவில்லை. பதிவு மென்பொருளிலேயே மோனோ பட்டன் இருந்தால் அதுவும் போதும்.

படி 4: ஆடியோ இன்டர்ஃபேஸ்

மைக்கின் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் பெட்டி. இரண்டு மைக் என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஐடி14, மோட்டு எம்4 போன்றவை. எட்டு மைக் என்றால் ஸ்கார்லெட் 18ஐ20 போன்ற ரேக் வகை. அட்டைப்பெட்டியில் “18” என்று இருப்பதைப் பார்த்து 18 மைக் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மைக்கின் மெலிந்த சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் மைக் ப்ரீஆம்ப் 8தான். மிச்சம் லைன், டிஜிட்டல் இன்புட்டுகள். எந்தக் கம்பெனி வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி “மைக் ப்ரீ எத்தனை?” என்பதுதான்.

எடாட் ஆப்டிக்கல் இன்புட் இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். பின்னால் எட்டு மைக் கூடுதலாக வேண்டுமென்றால் ஒரு ப்ரீஆம்ப் பெட்டியை ஒரே கண்ணாடி இழைக் கேபிளில் சேர்த்துக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து பதியும் வேகம்) அந்த வழியாக எட்டுச் சேனல் வரும். 96-க்கு ஏற்றினால் நாலாகச் சுருங்கிவிடும்.

அடுத்து கெய்ன், அதாவது மைக்கின் சத்தத்தை ப்ரீஆம்ப் எவ்வளவு தூக்குகிறது என்பது. மென்மையாகப் பாடுபவருக்கு ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் வைத்தால் 60 டெசிபெல் அளவுக்குக் கெய்ன் வேண்டும். மலிவான ப்ரீஆம்ப் அந்த அளவுக்குத் திருகும்போது உஸ்ஸென்று இரையும். நாதஸ்வரமும் பறையும் நேர்எதிர். கெய்னை முழுக்கக் குறைத்தும் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு இன்டர்ஃபேஸிலோ மைக்கிலோ, உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருக்க வேண்டும். நாதஸ்வரமும் வீணையும் ஒரே ஸ்டுடியோவுக்கு வரும் நம் ஊரில் இந்த இரண்டு எல்லையும் முக்கியம்.

லேட்டன்சி என்பது பாடியது ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்க ஆகும் தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்டு. போய்வந்து, டிரைவர் தாமதமும் சேர்ந்து பத்தை நெருங்கும். அதைத் தாண்டினால் பாடகருக்கு உறுத்த ஆரம்பிக்கும், கமகம் பாடுபவருக்கு இன்னும் சீக்கிரமே. டைரக்ட் மானிட்டரிங் வசதி இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதமே தெரியாது.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவுக்கும் அதுவே. உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் வைத்தால் போதும். 24 பிட்டில் இடம் நிறைய இருக்கிறது, சிவப்பைத் தொடும் வரை ஏற்ற வேண்டியதில்லை.

படி 5: இப்போது மிக்ஸர்

இதுவரை சொன்னதெல்லாம் இருந்தால் மிக்ஸர் இல்லாமலே பாட்டை முடிக்கலாம். ரீப்பர், க்யூபேஸ், லாஜிக், ப்ரோ டூல்ஸ் ஆகிய பதிவு மென்பொருள்கள் எதிலும் ஃபேடர், ஈக்யூ, ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கம்ப்ரெஸர், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பின் ஏன் மிக்ஸர் வேண்டும்? மூன்றே நியாயமான காரணங்கள்தான் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, கைக்கு ஃபேடர் வேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்தை மவுஸால் வரைவதைவிட விரலால் தள்ளுவது பலருக்கு இயல்பு. அதற்கு மிக்ஸர் வேண்டாம், கன்ட்ரோலர் போதும். ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட் ஒற்றை ஃபேடரோடு கிடைக்கிறது. பெரிங்கர் எக்ஸ்-டச்சில் மோட்டார் வைத்த ஃபேடர்கள் 9. இவற்றின் வழியாகச் சத்தமே போவதில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேடரை நகர்த்தும் கைப்பிடி மட்டும்தான்.

இரண்டாவது, பலர் ஒன்றாக வாசிக்கும்போது ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மிக்ஸ் கொடுக்க வேண்டும். வயலின்காரருக்குக் குரல் தூக்கலாக, மிருதங்கக்காரருக்குத் தம்புரா குறைவாக. மூன்றாவது, அதே கருவியைக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் எடுத்துப் போகிறீர்கள். இந்த இரண்டுக்கும் டிஜிட்டல் மிக்ஸர் நல்ல வழி. பெரிங்கர் எக்ஸ்ஆர்18, மைடாஸ் எம்ஆர்18 இரண்டும் ஒரே யுஎஸ்பி கேபிளில் 18 சேனல் அனுப்பும். எக்ஸ்32 அனுப்புவது 32. அப்போது தனி இன்டர்ஃபேஸ் வேண்டாம், மிக்ஸரே இன்டர்ஃபேஸ். எக்ஸ்32-இல் 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான். 96 கேட்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள்.

பணம் வீணாகும் இடம் “யுஎஸ்பி மிக்ஸர்”. பெட்டியில் யுஎஸ்பி என்று போட்டிருக்கும், பத்துச் சேனல் இருக்கும். வீட்டுக்கு வந்து சொருகினால் கம்ப்யூட்டருக்கு இடது, வலது என்று இரண்டே டிராக் போகும். எல்லா மைக்கும் கலந்து போன பிறகு தவிலை மட்டும் குறைக்கச் சொன்னால் வழியே இல்லை. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்ஸர், ஆனால் அதன் யுஎஸ்பி 2 உள்ளே, 2 வெளியே. மேடைக்கும் நேரலைக்கும் சரி, பல டிராக் பதிவுக்கு ஆகாது. ஒவ்வொரு சேனலும் தனித்தனியே போக வேண்டுமென்றால் டாஸ்காம் மாடல் 12, 16, 24 வரிசையையோ, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சரில் எம்டிகே என்று முடியும் வகையையோ பாருங்கள். டாஸ்காமில் எஸ்டி கார்டிலேயே பல டிராக்காகப் பதிவாகும். கம்ப்யூட்டர் நின்றாலும் கச்சேரி தப்பிக்கும். கோயிலுக்குள் போய்ப் பதிவு செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பெரிய அனலாக் கன்சோல் பழையது விலைக்கு வருகிறதே, எடுக்கலாமா? அந்தச் சத்தத்தின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சின்ன ஸ்டுடியோவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். சூடாகும், ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஃபேடர் கரகரக்கும், உதிரிபாகமும் அதைப் பிரிக்கத் தெரிந்த ஆளும் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மாதம் கழித்து இயக்குநர் போன் செய்து “அந்தக் குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்” என்பார். கம்ப்யூட்டரில் அந்த செஷனைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. அனலாக்கில் ஒவ்வொரு குமிழும் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே அவ்வளவு பெரிய தட்டையான மேசை இருப்பதே ஒரு தொந்தரவு. அதில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக வரும் ஒலியோடு கலந்து சில ஒலிகளை அழித்துவிடும்.

பழைய மிக்ஸர் எது வாங்கினாலும் ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், ஒரு மல்டிமீட்டரோடு போங்கள். ஒவ்வொரு சேனலிலும் அதே மைக்கை மாற்றி மாற்றிச் சொருகிப் பேசுங்கள். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகுங்கள். ஃபேண்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டு, எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் மைக் சாக்கெட்டின் 1-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் நடுவே, பிறகு 1-க்கும் 3-க்கும் நடுவே அளந்து பாருங்கள். 44-இலிருந்து 52 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கடற்காற்றில் இருந்த மிக்ஸர் என்றால் ஜாக்குகளுக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 6: பணத்தைப் பிரிப்பது

கையில் இருப்பது நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் கணக்கு: அறைக்கு 25, ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் 25, மைக்குக்கு 20, இன்டர்ஃபேஸுக்கு 20, கேபிள், ஸ்டாண்டு, மின்சார வேலைக்கு 10. கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருப்பதாக வைத்த கணக்கு இது. மிக்ஸருக்கென்று தொகை ஒதுக்கவில்லை. படி 5-இல் சொன்ன இரண்டாவது, மூன்றாவது காரணம் உங்களுக்கு இருந்தால் இன்டர்ஃபேஸின் இருபதை எடுத்து டிஜிட்டல் மிக்ஸரில் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் விலை குறையும். ஆனால் இங்கே வாரன்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள். இன்டர்ஃபேஸ் பழுதானால் ஸ்டுடியோ மூடியிருக்கும் நாட்களின் நஷ்டம், மிச்சம் பிடித்த தொகையைத் தின்றுவிடும்.

படி 7: மின்சாரம், எர்த், கேபிள்

ம்ம்ம் என்று ஒரு ஹம் கேட்கிறதா? அது 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் சுருதி. மல்டிமீட்டரை வைத்துப் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். 3 வோல்ட்டுக்கு மேலே காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பாடகர் உதடு மைக்கில் படுகிறது. ஒரு கருவியில் மின்கசிவு வந்தால் போவது உயிர்.

எல்லாக் கருவியும் ஒரே லைனிலிருந்து எடுக்கட்டும், ஏசிக்குத் தனி லைன். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் லைட் அந்த லைனில் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஸ்கொயர் வேவ் வகை இரைச்சலைக் கொண்டுவரும்; சைன் வேவ் யுபிஎஸ் வாங்குங்கள்.

ஸ்பீக்கருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே, வழியில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்யும் பேலன்ஸ்டு கேபிள்தான். ஜாக் வகை என்றால் முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் நல்ல ஜாக்கும் கேபிளும் தனித்தனியே வாங்கித் தாங்களே சால்டர் செய்துகொண்டால் நீளமும் சரியாக அமையும், செலவும் குறையும்.

படி 8: முதல் வாரச் சோதனை

கடையில் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் செய்து முடியுங்கள். எல்லாச் சேனலிலும் மைக் போட்டு, வழக்கமாக வைக்கும் கெய்னில் அறையின் அமைதியைப் பதிவு செய்து, பிறகு சத்தத்தை ஏற்றிக் கேளுங்கள். ஒரு சேனல் மட்டும் இரைந்தால் மைக்கையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். இரைச்சல் அதே சேனலிலேயே நின்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். அளவெடுக்கும் மைக் ஒன்று கடன் வாங்கியாவது நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து அறையை அளங்கள். 57 ஹெர்ட்ஸ் பக்கம் மலைபோல் எழும்பி நின்றால் மூலையில் ராக்வூல் இன்னும் வேண்டும்.

கடைசியாக, எட்டுச் சேனலையும் திறந்து, வைஃபையை அணைத்து, ஒரு மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்யுங்கள். கச்சேரியில் ராகம் தானம் பல்லவியே அவ்வளவு நேரம் போகும். நடுவில் ஏசியை அணைத்துப் போடுங்கள், தண்ணீர் மோட்டாரை ஓடவிடுங்கள், பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கட்டும். பதிவைத் திரும்பக் கேட்கும்போது டிக் என்று ஒரு வெட்டு வந்தால் பஃபரை 256-க்கு ஏற்றி மறுபடி எடுங்கள். மோட்டார் ஓடிய நிமிடத்தில் மட்டும் வந்தால் கோளாறு லைனில் இருக்கிறது, எலெக்ட்ரீஷியனுக்குத்தான் அந்த வேலை.